பழைய வேகன் ஆர் காருக்கு எளிய ஒலியமைப்பு: ஆலோசனை தேவை

குழு நண்பர்களுக்கு வணக்கம். ஸ்டீரியோ இல்லாமல் வந்த எங்கள் 2012 வேகன் ஆர் காரில் ஒரு ஹெட் யூனிட்டும் (டேஷ்போர்டில் பொருத்தும் ஸ்டீரியோ கருவி), முன் கதவுகளில் 4 ஓம் ஸ்பீக்கர்கள் இரண்டும் பொருத்த எண்ணியுள்ளேன். சப்வூஃபர் (தாழ்ந்த ஒலிகளுக்கான பெரிய ஸ்பீக்கர்) அதிர்வில் எனக்கு நாட்டமில்லை, பாடல்களில் குரல் தெளிவாகக் கேட்டால் போதும். பெட்டியில் 50 வாட் என்று அச்சிட்டிருந்தாலும், இத்தகைய ஹெட் யூனிட்டுகள் தொடர்ந்து தருவது ஒரு சேனலுக்கு (அதாவது ஒரு ஸ்பீக்கருக்கான வெளியீட்டுக்கு) ஏறத்தாழ 15 முதல் 20 வாட் மட்டுமே என்பதால், ஒலியின் திறனைப் பெருக்கும் தனி ஆம்ப்ளிஃபயர் இல்லாமல் நெடுஞ்சாலை இரைச்சலை மீறிப் பாட்டு கேட்குமா என்பதே என் முதன்மை ஐயம். ஆம்ப்ளிஃபயர் அவசியமெனில், பேட்டரியிலிருந்து நேராக இழுக்கும் கம்பியில் ஃப்யூஸை பேட்டரிக்கு அருகிலேயே வைக்க வேண்டும் என்பதை அறிவேன். ஆனால் அக்கம்பியை எஞ்சின் பகுதியிலிருந்து உள்ளே கொண்டுவர இந்த வண்டியில் எது வசதியான வழி? வயரிங்கை வெட்டாமல் கப்ளர் (செருகி இணைக்கும் இணைப்பான்) கொண்டே இணைத்துத் தரும் கடை மதுரையில் இருந்தால் அதையும் தெரிவிக்க வேண்டுகிறேன்.