உகுலேலேயா, மாண்டலினா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

கர்நாடக சங்கீதத்தில் சரளி, ஜண்டை என்ற ஆரம்பப் பாடங்களை முடித்த பத்து வயதுப் பிள்ளைக்கு ஒரு சின்னத் தந்தி வாத்தியம் வேண்டும்.

குட்டி கிட்டார் போன்ற உகுலேலேயில் நான்கே நைலான் தந்தி, விரல் வலிக்காது. ஆனால் வழக்கமான ஜி-சி-இ-ஏ சுருதி அமைப்பில் (ட்யூனிங்) ஜி தந்தி சி-யைவிட உயரம். சி-யை ஸட்ஜமாக வைத்தால் அதற்குக் கீழே ஒரு ஸ்வரமும் கிடைக்காது. லோ-ஜி (ஒரு ஸ்தாயி கீழான ஜி) தந்தி மாட்டினால் மந்திர பஞ்சமம், அதாவது கீழ் ஸ்தாயி 'ப' வரை இறங்கலாம், அவ்வளவுதான்.

மாண்டலினில் அந்தக் குறை இல்லை. சிக்கல், எட்டு எஃகுக் கம்பிகள் ஜோடி ஜோடியாக இருப்பது. கமகத்துக்கு (ஸ்வரத்தை அசைத்து வாசிப்பதற்கு) இழுக்கும்போது இரண்டும் ஒன்றுபோல் ஏறாமல் பிசிறடிக்கும். கர்நாடக இசை மாண்டலின் மேதை யூ. ஸ்ரீநிவாஸ் வாசித்ததும் ஒற்றைக் கம்பி எலெக்ட்ரிக் மாண்டலின்தான்.

சாதாரண மாண்டலினில் ஜோடிக்கு ஒன்றாக நாலு கம்பியைக் கழற்றிவிடலாமா? கம்பிகளைத் தாங்கும் குதிரை (பிரிட்ஜ்) அவற்றின் அழுத்தத்தில்தான் நிற்கிறது. பாதி அழுத்தம் போனால் நகருமா? முதல் கம்பிக்கு .010 அங்குலத் தடிமன் போதுமா, .011 வேண்டுமா? செய்து பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.