குடிநோயிலிருந்து மீளக் கத்தோலிக்க நம்பிக்கை மட்டும் போதுமா?

கல்விளக்கு:
டப்ளின் தொழிலாளியான மாட் டால்பட் (1856–1925) 12 வயதில் மதுக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்து குடிக்குப் பழகியவர். தெருவில் வாசித்துப் பிழைத்தவரின் பிடிலைத் திருடி விற்றுக் குடித்தவர். 1884இல் மூன்று மாதங்களுக்குக் குடிப்பதில்லை என்று ஒரு குருவிடம் வாக்களித்து, அதை வாழ்நாள் முழுமைக்கும் நீட்டித்து, இறுதிவரை காத்தார். வேலைக்கு முன் விடியற்காலைத் திருப்பலி, சாராயக்கடையில் கழிந்த மாலை நேரத்தில் ஆலயம் என்று தம் நாளையே மாற்றியமைத்தார். நம்பிக்கையே போதும் என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்?

நெய்தலான்:
ஐயா, டால்பட்டை நானும் வணங்குகிறேன். ஆனால் தங்கள் முடிவை ஏற்க இயலவில்லை. சீனாவின் புனித மாற்கு ஜி தியான்சியாங் ஒரு மருத்துவர்; வயிற்று நோய்க்கு அபின் உட்கொண்டு அதற்கே அடிமையானார். திரும்பத் திரும்ப அதே பாவத்தை அறிக்கையிட்டதால், அவருக்குத் திருந்தும் எண்ணமில்லை என்று கருதிய குரு பாவமன்னிப்பு வழங்க மறுத்தார். ஏறத்தாழ 30 ஆண்டுகள் நற்கருணை (திருப்பலியில் பெறும் திருவுணவு) இல்லாமலே வாழ்ந்து, அபினிலிருந்து மீளாமலே 1900இல் நம்பிக்கைக்காகக் கொல்லப்பட்ட மறைசாட்சியாக இறந்தார். அவருக்கு நம்பிக்கை குறைவு என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? மேலும், நெடுநாள் குடித்தவர் திடீரென நிறுத்தினால் கைநடுக்கத்தில் தொடங்கி வலிப்பு வரை சென்று உயிருக்கே ஆபத்தாகலாம். முதலில் மருத்துவமனை.

கல்விளக்கு:
ஜியை வாட்டியது நம்பிக்கையன்று, அன்றைய குருவின் கணிப்பு. பழக்கமும் உளவியல் காரணங்களும் ஒருவரது பொறுப்பைக் குறைக்கவோ நீக்கவோ கூடும் என்று திருச்சபைப் போதனைகளின் தொகுப்பான இன்றைய மறைக்கல்வி ஏடு (எண் 1735) தெளிவாகக் கூறுகிறது.

செபமாலை:
மருத்துவத்தையும் மன்றாட்டையும் ஒரே கட்டிலருகே சேர்த்தவர் அருட்சகோதரி இக்னேசியா. அமெரிக்காவின் ஆக்ரன் நகரப் புனித தோமா மருத்துவமனையில், குடிநோயரைச் சேர்க்கவே பலரும் தயங்கிய 1939இல், டாக்டர் பாப் ஸ்மித்துடன் இணைந்து அவர்களுக்கு இடமளித்தார். உடல் தேறி வீடு திரும்புகிறவர் கையில் இயேசுவின் திருஇருதய அடையாளம் ஒன்றைக் கொடுத்து, மறுபடி குடிப்பதாக இருந்தால் முதல் மடக்குக்கு முன் அதைத் தம்மிடம் திருப்பித் தந்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்வார்.

நெய்தலான்:
அம்மா, அந்த வரிசைமுறையையே நானும் கேட்கிறேன். ஆலயத் தியானக் கூட்டத்துக்கு அழைத்துச் சென்ற கையோடு மாத்திரையை நிறுத்திவிடும் குடும்பங்களுக்கு நம் பங்கு ஆலயங்களில் இதை யார் சொல்கிறார்கள்?

கல்விளக்கு:
மாத்திரையை நிறுத்துவதை நானும் கண்டிக்கிறேன். ஆனால் சிகிச்சை முடிந்து வந்தவர் மாலை ஆறு மணிக்கு எங்கே போவார் என்பதற்கு மருத்துவச் சீட்டில் விடை இல்லை. டால்பட்டுக்கு அந்த நேரத்தில் திறந்த ஆலயம் இருந்தது.