சிஐசிஎஸ் லினக்ஸில் கிடைக்குமா?

பச்சைத்திரை:
இருநூறு சொச்சம் கோபோல் புரோகிராம், விசாம் ஃபைல்கள் (கீ வைத்து ரெக்கார்டுகளைத் தேடும் மெயின்பிரேம் ஃபைல் முறை), பிஎம்எஸ் மேப் (திரை வடிவங்கள்) என்று எல்லாமே பல வருடமாக ஐபிஎம் மெயின்பிரேமின் ஓஎஸ்ஸான இசட்/ஓஎஸ்ஸில்தான் ஓடுகின்றன. இப்போது மேலிடத்தில் "இதையே லினக்ஸில் ஓட்டினால் என்ன" என்று கேட்கிறார்கள். இவற்றை ஓட்டும் சிஐசிஎஸ் (ஆன்லைன் பரிவர்த்தனைகளைக் கையாளும் ஐபிஎம் மென்பொருள்) மெயின்பிரேமுக்கு வெளியே கிடைக்கிறதா? மாற்றிப் பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்களேன்.

பழைய_ஆபரேட்டர்:
கிடைக்கிறது, இது புதுசும் இல்லை. 1969இல் வந்த சிஐசிஎஸ்ஸை 90களிலேயே ஐபிஎம் தன் ஓஎஸ்/2 (பிசி ஓஎஸ்), ஏஐஎக்ஸ் (யூனிக்ஸ் வகை) எல்லாவற்றுக்கும் கொண்டுபோய்விட்டது. அந்த ஏஐஎக்ஸ் வழியில் வந்ததுதான் டிஎக்ஸ்சீரிஸ், இப்போது லினக்ஸ் கன்டெய்னரில் ஓடும் சிஐசிஎஸ் டிஎக்ஸும் இருக்கிறது. ஆனால் மெயின்பிரேம் கோடை அப்படியே தூக்கிவந்து கம்பைல் செய்த சரக்கு என்று நினைத்துவிடாதீர்கள், உள்ளே இருப்பது என்சினா என்ற வேறு எஞ்சின், மேலே புரோகிராமில் எழுதும் எக்ஸெக் சிஐசிஎஸ் கட்டளைகள் மட்டும்தான் ஒன்று. விசாமுக்குப் பதில் எஸ்எஃப்எஸ் (அதனுடன் வரும் ஃபைல் சர்வர்) அல்லது டிபி2 டேட்டாபேஸ். ஐஎம்எஸ் (ஐபிஎம்மின் இன்னொரு மெயின்பிரேம் டேட்டாபேஸ், பரிவர்த்தனை மென்பொருள்) கேட்டுவிடாதீர்கள், ஐபிஎம் அதை இசட்/ஓஎஸ்ஸைத் தாண்டி விடவில்லை.

நள்ளிரவு_அபெண்ட்:
கம்பைல் ஆகிவிட்டது என்று நாங்கள் சந்தோஷப்பட்ட கதையைச் சொல்கிறேன். ஒரு புரோகிராம் கஸ்டமர் ஃபைலை 'A' என்ற கீயில் ஸ்டார்ட்பிஆர் (எந்தக் கீயிலிருந்து படிக்க வேண்டும் என்று சொல்லும் கட்டளை) போட்டு, ஃபைல் முடியும் வரை ரீட்நெக்ஸ்ட் (அடுத்த ரெக்கார்டைப் படி) செய்துகொண்டே போகும். மெயின்பிரேமின் எழுத்துக் குறியீடான எப்சிடிக்கில் எழுத்துகள் முதலில், எண்கள் கடைசியில் (A என்பது C1, 0 என்பது F0), அதனால் எண்ணில் தொடங்கும் கீகளும் கடைசியில் வந்துவிடும். லினக்ஸ் பக்கத்து ஆஸ்கியில் தலைகீழ், எண்கள் A-க்கு முன்னாலேயே உட்கார்ந்திருக்கும், அந்த ரெக்கார்டுகளை புரோகிராம் தொடவே இல்லை. அபெண்டும் (புரோகிராம் பாதியில் நின்றுபோவது) இல்லை, எரர் மெசேஜும் இல்லை. ரிப்போர்ட்டில் கூட்டுத்தொகை குறைந்தபோதுதான் பிடித்தோம், அதற்குள் மூன்று வாரம் போய்விட்டது. கீ வரிசையை நம்பி எழுதிய எல்லா புரோகிராமையும் முதலில் தேடிப் பட்டியல் போடுங்கள்.

பச்சைத்திரை:
ஐயோ, எங்களிடம் அப்படி நிறைய உண்டு. தேதிக் கணக்குக்கு ஒரு அசெம்ப்ளர் ரொட்டீனும் இருக்கிறது, அது?

பழைய_ஆபரேட்டர்:
அதைத் திரும்ப எழுதத்தான் வேண்டும், டிஎக்ஸ்சீரிஸில் கோபோல், சி, பிஎல்/1, ஜாவா எல்லாம் உண்டு, மெயின்பிரேம் அசெம்ப்ளர் மட்டும் கிடையாது. வரிசைப் பிரச்சினைக்கு, மெயின்பிரேம் புரோகிராம்களை வெளியே ஓட்ட உதவும் மைக்ரோ ஃபோகஸ் எண்டர்பிரைஸ் சர்வரையும் பாருங்கள் (இப்போது ராக்கெட் சாஃப்ட்வேர் நிறுவனத்திடம் போய்விட்டது), அதில் டேட்டாவை எப்சிடிக்காகவே வைத்துக்கொள்ளலாம்.

சும்மா_பார்ப்பவன்:
காசு போடாமல் கட்டளைகளைப் பழக ஆசைப்படுபவர்களுக்கு மட்டும்: ஹெர்குலிஸில் (பிசியில் மெயின்பிரேம் போல நடிக்கும் எமுலேட்டர்) எம்விஎஸ் 3.8ஜே என்ற பழைய மெயின்பிரேம் ஓஎஸ்ஸை ஏற்றி, அதில் கட்டளை கொடுக்கும் டிஎஸ்ஓவுக்குள் கிக்ஸ் என்ற இலவச மென்பொருளைப் போட்டால் எக்ஸெக் சிஐசிஎஸ் எழுதிப் பார்க்கலாம். புரொடக்ஷனுக்கு வேண்டாம், சாமி!