புதுப்பிப்பு: ஞானப்பல் எடுத்தபின் மரத்துப்போன கீழுதடு

யோசனை சொன்ன அனைவருக்கும் நன்றி. கீழ் ஞானப்பல்லை எடுத்தபின் வலப்பக்க உதடும் முகவாயும் மரத்தே கிடக்கின்றன என்று செங்கோட்டையிலிருந்து எழுதியிருந்தேன். பல் எடுத்த இடத்தில் "தானாகச் சரியாகும்" என்று கைகழுவிவிட்டார்கள்.

கைகொடுத்தது பாறசாலை அண்ணாச்சி சொன்னதுதான்: காத்திருக்காமல் சிபிசிடி ஸ்கேன் (தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் எக்ஸ்ரே) எடுப்பது. ஆரியங்காவு வழியாகத் திருவனந்தபுரம் அரசுப் பல் மருத்துவக் கல்லூரிக்குப் போனேன். பல்லிருந்த குழி, உதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்வு தரும் கீழ்த்தாடை நரம்பு செல்லும் எலும்புக் கால்வாயை ஒட்டியிருந்தது. ஆனால் கால்வாய்ச் சுவர் உடையவில்லை, வேர்த்துண்டும் இல்லை. நரம்பு நசுங்கியிருக்கலாம், அறுந்திருக்க வாய்ப்பு குறைவு என்றார் மருத்துவர். அறுந்திருந்தால் முதல் சில மாதங்களுக்குள் தைப்பதே பலன் தருமாம், அவசரம் அதற்குத்தான்.

பஞ்சுநுனியால் தடவி, உணர்வற்ற எல்லையைப் பேனாவால் முகவாயில் வரைந்து படமெடுத்தார்கள். அடுத்த முறை அந்தக் கோடு உதட்டிலிருந்து கீழிறங்கியிருந்தது.

எதிர்பாராதது: குணமாகத் தொடங்கியபோதுதான் தொல்லை கூடியது. எறும்பு ஊர்வதுபோல் குறுகுறுப்பு, சவரக்கத்தி பட்டால் சுரீர். நரம்பு மீளும்போது இப்படி வருவதுண்டு என்றார்கள். எரிச்சலைப் பிரிகாபலின் என்ற நரம்புவலி மருந்து அடக்கியது; பி12 மாத்திரையால் என்ன பயன் என்று எனக்குப் பிடிபடவில்லை.

உதடு திரும்பிவிட்டது. முகவாயில் ஒரு ரூபாய் அகலத்துக்கு மரப்பு இன்னும் இருக்கிறது.