சுவீகாரம் வந்த பிள்ளையின் பயம் நடுவயதிலும் தொடருமா?

கேள்வி: பள்ளத்தூர்வாசி

அனைவருக்கும் வணக்கம். எனக்கு 44 வயதாகிறது. காரைக்குடியில் ஒரு ஹார்டுவேர் கடையில் கொள்முதலும் கணக்கும் பார்த்து வருகிறேன். ஆறு வயதில் என்னைப் பங்காளி வீட்டுக்குப் பிள்ளை கூட்டிக்கொடுத்தார்கள். கூட்டிக்கொண்ட அப்பச்சியும் (தகப்பனாரும்) ஆத்தாவும் என்னை அடித்ததில்லை, எதற்கும் குறை வைத்ததில்லை. ஆனால் நான் சோற்றை மிச்சம் வைத்தாலோ, எதையாவது கீழே போட்டு உடைத்தாலோ, "பெட்டியைக் கட்டி உன் ஊருக்கே திருப்பி அனுப்பிவிடுவேன்" என்று அப்பத்தா சொல்வார். வளவில் (வீட்டின் உள்முற்றத்தில்) இருப்பவர்கள் எல்லோரும் சிரிப்பார்கள். என்னோடு வந்த தகரப்பெட்டி இரண்டாம் கட்டில் ஓர் அறையில் கிடந்தது. பள்ளி விட்டு வந்ததும், அது அங்கேயே இருக்கிறதா அல்லது யாராவது முகப்புக்கு எடுத்து வைத்துவிட்டார்களா என்று பார்த்த பிறகுதான் பையை இறக்குவேன்.

பிள்ளையார் நோன்பன்று ஐயா (தாத்தா) ஒவ்வொருவராக அழைத்து, மாவில் வைத்து ஏற்றிய நூல்திரியான இழையைக் கொடுப்பார். மாசமாக இருந்த சித்திக்கு வயிற்றுப் பிள்ளைக்கும் சேர்த்து இரண்டு இழை கொடுத்தார்கள். பிறக்காத பிள்ளைக்குக்கூட ஒன்று எண்ணி வைத்திருக்கிறார்களே, எனக்கு எண்ணியிருப்பார்களா என்று தூணோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கும் கொடுத்தார்கள்தான். இருந்தும் அடுத்த ஆண்டும் அதே சந்தேகத்தோடுதான் நின்றேன்.

இப்போது கடையின் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளுமாறு முதலாளி சொல்லி வருகிறார். எனக்கு அந்தத் தகுதி இல்லை என்று தட்டிக்கழித்து வருகிறேன். உறவில் யார் கைமாற்று கேட்டாலும் மறுக்க வாய் வருவதில்லை. கணக்கு பத்து ரூபாய் உதைத்தால் அன்றிரவு தூக்கமில்லை. என் மகனுக்கு இப்போது ஆறு வயது. அவன் ஒரு கண்ணாடித் தம்ளரை உடைத்துவிட்டுச் சிரிக்கும்போது எனக்குக் கோபத்தைவிடப் பொறாமைதான் அதிகமாக வருகிறது. இதை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. இவையெல்லாம் அந்த நாளிலிருந்து வந்தவையா? அப்படியானால் இந்த வயதில் மாறுமா?

பதில்: தேவகோட்டை வக்கீல்

மனத்தைப் பற்றிப் பேச எனக்குப் படிப்பில்லை. சட்டத்தை மட்டும் சொல்கிறேன். 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டத்தின் 15ஆவது பிரிவின்படி, முறையாக நடந்த சுவீகாரத்தைக் கூட்டிக்கொண்ட பெற்றோர் ரத்து செய்ய முடியாது. பிள்ளையும் அதை உதறிவிட்டுப் பிறந்த வீட்டுக்குத் திரும்ப முடியாது. 12ஆவது பிரிவு, சுவீகாரம் நடந்த நாளிலிருந்து எல்லா வகையிலும் நீங்கள் அந்த வீட்டுப் பிள்ளை என்கிறது. ஆகவே உங்கள் அப்பத்தா சொன்னதைச் செய்ய அவருக்கு மட்டுமல்ல, அந்த வீட்டில் யாருக்குமே அதிகாரம் இருக்கவில்லை.

பதில்: கண்டனூர்க்காரன்

தவறாக எண்ண வேண்டாம். எங்கள் ஐயாவைச் சிறு பையனாகவே ரங்கூனுக்குக் கப்பலேற்றிப் கடையில் பணப்பெட்டி அருகே வேலை பழகும் பெட்டியடிப் பையனாக உட்கார வைத்தார்கள். ஆத்தா முகத்தைப் பார்க்க அவருக்கு மூன்றாண்டுகள் ஆயின. அவர்கள் எல்லாம் திரும்பி வந்து வீடு கட்டவில்லையா? இப்போது எதற்கெடுத்தாலும் பிள்ளைப்பருவத்தைக் காரணம் சொல்வது வழக்கமாகிவிட்டது.

பதில்: ஆலோசகர், காரைக்குடி

கண்டனூர் அன்பருக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அவர்கள் வீடு கட்டினார்கள் என்பது உண்மை. அந்த வீட்டில் அவர்கள் நிம்மதியாகத் தூங்கினார்களா என்பதை நாம் யாரும் கேட்டதில்லை. ஆனாலும் உங்கள் எச்சரிக்கையில் நியாயம் உண்டு. அமெரிக்காவின் சான் டியேகோவில் 17,000க்கும் மேற்பட்டோரிடம் நடத்தப்பட்டு, 1998 முதல் முடிவுகள் வெளிவந்த ஆய்வு, சிறுவயதுத் துன்பங்கள் கூடக்கூடப் பிற்காலத்தில் மனச்சோர்வும் குடிப்பழக்கமும் உடல்நோய்களும் கூடுவதைக் காட்டியது. அது பெருங்கூட்டத்தைப் பற்றிய உண்மை. தனியொருவரின் வாழ்க்கை எப்படி அமையும் என்று அதை வைத்து ஆருடம் சொல்ல முடியாது.

பள்ளத்தூர் அன்பரே, நீங்கள் எழுதியதில் என்னை நிறுத்தியது தகரப்பெட்டியைவிட அந்த இழைதான். கையில் சான்று கிடைத்த பிறகும் சந்தேகம் ஏன் போகவில்லை? 1960களில் அறிதல் சிகிச்சையை வகுத்த ஆரோன் பெக், இத்தகைய நம்பிக்கைகளை அடுக்குகளாகப் பார்த்தார். அடியில் கிடப்பது 'நான் இந்த வீட்டுக்கு உரியவன் அல்ல' என்பது. அதன்மேல் பிள்ளை தானே விதித்துக்கொண்ட நிபந்தனை: 'தவறே செய்யாமல் இருந்தால் வைத்துக்கொள்வார்கள்.' எல்லாவற்றுக்கும் மேலே, கணக்கு உதைத்தவுடன் தானாக எழும் 'தொலைந்தேன்' என்ற எண்ணம். ஆறு வயதில் அந்த நிபந்தனை முட்டாள்தனமானது அல்ல. புது வீட்டில் தனக்கோர் இடம் பிடிக்க அந்த வயதுக்கு எட்டிய வழி அதுதான். சிக்கல் என்னவென்றால், நீங்கள் அதை இத்தனை ஆண்டுகள் ஒழுங்காகக் கடைப்பிடித்துவிட்டீர்கள். உங்களை யாரும் திருப்பி அனுப்பவில்லை. ஆனால் அதற்குக் காரணம் அவர்களுடைய பாசம் என்று மனம் கணக்கு எழுதாமல், 'நான் தவறு செய்யவில்லை, அதனால்தான்' என்று எழுதிக்கொண்டது. இப்படியிருந்தால் எத்தனை இழை கொடுத்தாலும் அந்த நம்பிக்கை அசையாது. வக்கீல் ஐயா சொன்ன 15ஆவது பிரிவைப் படித்ததும் உங்களுக்கு ஆறுதல் வந்திருக்கும், ஆனால் இன்றிரவே தூக்கம் வந்துவிடாது என்று நான் சொல்வதும் இதனால்தான்.

ஆகவே வாதாடிப் பயனில்லை, சோதித்துப் பார்க்க வேண்டும். அதுவும் சிறியதிலிருந்து. அடுத்து கைமாற்று கேட்பவர்களில், மறுத்தால் அவருக்குப் பெரிய இடர் வராத ஒருவரிடம் "இந்த மாதம் தோதுப்படாது" என்று மட்டும் சொல்லுங்கள். காரணம் அடுக்க வேண்டாம். சொல்வதற்கு முன்பு, என்ன நடக்கும் என்று அஞ்சுகிறீர்களோ அதை ஒரு தாளில் எழுதி வையுங்கள். சில நாள் கழித்து, நடந்ததை அதன் கீழேயே எழுதுங்கள். கடைப் பங்கை மட்டும் இந்தச் சோதனைக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள். அதை முதலாளியின் ஐந்தொகையை (சொத்தும் கடனும் காட்டும் இருப்புநிலைக் கணக்கை) பார்த்து முடிவு செய்ய வேண்டும். கடன் அதிகம் இருந்தால் மறுப்பதே புத்திசாலித்தனம். தகுதியில்லை என்று மறுப்பதும் கணக்கு சரியில்லை என்று மறுப்பதும் வேறு வேறு.

வயதைக் கேட்டீர்கள். ஹவாயின் கவாய் தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் குழுவினர் நடுவயது வரை தொடர்ந்து கவனித்தார்கள். வறுமையும் குடும்பச் சிக்கலும் சூழ வளர்ந்து, பதின்வயதில் தடுமாறியவர்களில் பெரும்பாலோர் நாற்பது வயதுக்குள் நிலைபெற்றிருந்தார்கள். நல்ல துணை அமைந்தது, மீண்டும் படிக்க வாய்ப்புக் கிடைத்தது போன்றவைதாம் அதற்குத் துணை நின்றன. உங்கள் மனைவியிடம் தம்ளர் விஷயத்தைச் சொல்லுங்கள் என்பேன். தூக்கமின்மை தொடர்ந்தால் 14416 என்ற, அரசின் மனநல உதவிச் சேவையான டெலிமானஸ் எண்ணில் தமிழிலேயே, கட்டணமின்றி, எந்த நேரமும் பேசலாம்.

பதில்: கீழச்சிவல்பட்டி ஆச்சி

நானும் பிள்ளை கூட்டிக்கொண்டவள் என்பதால், அந்தப் பக்கத்தையும் சொல்ல விரும்புகிறேன் தம்பி. எங்களுக்கும் பயம் இருந்தது. பெற்றவள் திருவிழாவுக்கு வந்தால், பிள்ளை அவள் மடியில் போய் உட்கார்ந்துகொள்வானோ, அவள் புறப்படும்போது கூடவே கிளம்பிவிடுவானோ என்று அடுப்படியில் நின்றபடி எட்டி எட்டிப் பார்ப்பேன். காய்ச்சல் வந்தால் பெற்றவளுக்குச் சொல்லி அனுப்பாமல் மறைத்ததுண்டு. உங்கள் ஆத்தா உயிரோடு இருந்தால், அப்பத்தா சொன்னதைக் குறையாகச் சொல்லாமல், "அப்போது உங்களுக்கு என்ன பயம் இருந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். உங்களுக்குத் தெரியாத ஒன்றை அவர் சொல்லக்கூடும்.

பள்ளத்தூர்வாசி

எல்லோருக்கும் நன்றி. ஆத்தா இருக்கிறார், ஆச்சி சொன்னதை இதுவரை நான் நினைத்தே பார்த்ததில்லை. மைத்துனர் தை மாதத்துக்குப் பணம் கேட்டிருக்கிறார், அவரிடமிருந்து தொடங்குகிறேன். முதலாளியிடம் மூன்றாண்டு ஐந்தொகையைக் கேட்பதாக இருக்கிறேன். வக்கீல் ஐயாவிடம் ஒரு கேள்வி: எங்கள் வீட்டில் சுவீகாரத்தை முத்திரைத்தாளில் எழுதிக்கொண்டார்களே தவிரப் பதிவு செய்யவில்லை. அப்படியானாலும் அந்த 15ஆவது பிரிவு பொருந்துமா?

தேவகோட்டை வக்கீல்

பொருந்தும். பதிவு கட்டாயமில்லை, பெற்றவர்கள் பிள்ளையைக் கொடுத்து, கூட்டிக்கொண்டவர்கள் வாங்கிக்கொண்டது உண்மையில் நடந்திருக்க வேண்டும் என்பதே 11ஆவது பிரிவு வலியுறுத்துவது. பதிவுப் பத்திரம் இருந்தால் நிரூபிக்கும் சுமை குறையும், அவ்வளவுதான். சடங்கின் புகைப்படம், பள்ளிச் சான்றிதழில் உள்ள தகப்பனார் பெயர், கோயிலுக்குக் குடும்பவாரியாகச் செலுத்தும் புள்ளி வரியின் பதிவு ஆகியவற்றின் நகல்களை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.