தெலூரைடு, தெலூரைற்று, தெலூரேற்று: சிமிர்னைட்டை முன்வைத்து ஒரு சொற்பரிந்துரை

அன்புடையீர்,

நம் கலைச்சொல் தொகுப்புக்காகச் சிமிர்னைட்டு என்னும் அரிய கனிமத்தைத் தமிழில் வரையறுக்கும்போது அதன் வேதியியல் வகையை எந்தச் சொல்லால் குறிப்பது என்ற கேள்விக்கு இதுவரை மூன்று விடைகள் முன்வைக்கப்பட்டுள்ளன. பாடநூல் வழக்கையொட்டித் ‘தெலூரைட்டு’ என்றே எழுதலாம் என்பது ஒன்று. ‘பிசுமத்துத் தெலூரியக் கனிமம்’ என்று விரித்துச் சொல்லலாம் என்பது மற்றொன்று. தெலூரியம் என்னும் தனிமத்தின் பெயரையே ‘புவியம்’ என மொழிபெயர்த்து அதிலிருந்து சொற்களைக் கிளைக்கச் செய்யலாம் என்பது மூன்றாவது. இம்மூன்றையும் நான் ஏற்கவில்லை. காரணத்தைச் சொல்வதற்கு முன், பெயர் தேடப்படும் பொருள் எத்தகையது என்பதைச் சற்று விரிவாகவே பார்த்துவிடுவது நல்லது. ஏனென்றால் இங்கு சொல்லில் நேரும் குழப்பம் அப்படியே புவியியலிலும் குழப்பமாகிவிடும்.

சிமிர்னைட்டில் இரண்டு பிசுமத்து அணுக்களுக்கு ஒரு தெலூரிய அணுவும் ஐந்து ஆக்சிசன் அணுக்களும் உள்ளன. எடையில் ஏறத்தாழ 67 விழுக்காடு பிசுமத்து, 20 விழுக்காடு தெலூரியம், எஞ்சியது ஆக்சிசன். செஞ்சாய்சதுரத் தொகுதியில் படிகமாகும் இதன் அடர்த்தி, படிக அலகின் அளவுகளிலிருந்து கணக்கிட்டால், ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 7.9 கிராம். ஈயத்தாதுவான கலீனாவின் அடர்த்தியே 7.5 அளவில்தான் நிற்கிறது என்பதை நினைத்தால், உலோகப் பொலிவு சிறிதுமற்ற ஓர் ஆக்சிசன் சேர்மம் இவ்வளவு கனமாக இருப்பது வியப்பைத் தரும். தாதுப் படிவுகளின் புவியியலை மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கற்பித்த விளாதிமிர் சிமிர்னோவின் நினைவாக 1980களில் இதற்குப் பெயரிட்டார்கள். ஆர்மேனியாவில் செவான் ஏரிக்குத் தென்கிழக்கே உள்ள சோத் தங்கப் படிவும், வடக்குக் கசாக்கஸ்தானில் உள்ள அக்சு, சானா-தியூபே தங்கப் படிவுகளும் இது கிடைக்கும் இடங்கள்.

இவ்விடங்கள் எல்லாமே தெலூரைடு கனிமங்களை, அதாவது தெலூரியம் ஆக்சிசனின்றி உலோகத்தோடு சேர்ந்த கனிமங்களைக் கொண்ட தங்கப் படிவுகள் என்பது தற்செயலன்று. தங்கம் தாங்கும் குவார்ட்சு நாளங்களின் ஆழத்தில், ஆக்சிசன் எட்டாத சூழலில், பிசுமத்தும் தெலூரியமும் நேரடியாகப் பிணைந்து டெட்ராடிமைட்டு, தெலூரோபிசுமத்தைட்டு போன்ற கனிமங்களாகின்றன. அவை எஃகின் சாம்பல் நிறமும் உலோகப் பொலிவும் உடையவை, மென்மையானவை, ஏடு ஏடாகப் பிரிபவை. நிலம் அரிக்கப்பட்டு அந்நாளம் மேற்பரப்பை நெருங்கும்போது, ஆக்சிசனைச் சுமந்து கீழிறங்கும் மழைநீர் அவற்றைத் தாக்குகிறது. அப்போது தெலூரியம் எலக்ட்ரான்களை இழந்து முதலில் நான்கு நேர் நிலைக்கு (+4 ஆக்சிசனேற்ற நிலைக்கு) வருகிறது. பிசுமத்து நீரில் எளிதில் கரைந்து ஓடிவிடுவதில்லை. எனவே பெரும்பாலும் இருந்த இடத்திலேயே தங்கி, பக்கத்தில் உருவாகும் அந்தத் தெலூரியத்தைப் பிடித்துக்கொள்கிறது. உடைத்த தாதுத் துண்டை உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்தால் இந்த மாற்றத்தின் தடத்தைக் காணலாம்: நடுவில் மங்காத சாம்பல் ஏடுகள், அவற்றின் விளிம்பிலும் பிளவுகளிலும் பொலிவற்ற வெளிர்மஞ்சள் பூச்சு. தங்கத் தெலூரைடு அருகில் இருந்திருந்தால், தெலூரியம் நீங்கிய இடத்தில் தங்கம் மட்டும் நுண்துளைகள் நிறைந்த பழுப்புமஞ்சள் திரளாக எஞ்சி நிற்கும். கடுகுத் தங்கம் என்று சுரங்கத் துறையினர் சொல்வது அதைத்தான். தங்கம் என்று சொன்னாலும் யாரும் நம்பமாட்டார்கள்.

ஆகவே தெலூரைடு என்பது ஆழத்தில் பிறந்த தாய்க் கனிமத்தின் வகை. சிமிர்னைட்டின் வகையோ அது சிதைந்த பின் தோன்றும் சேய்க் கனிமத்தின் வகை. இரும்புக்கும் துருவுக்கும் ஒரே பெயரிட்டால் என்ன ஆகுமோ அதுவே இங்கும் ஆகும். ‘பிசுமத்துத் தெலூரியக் கனிமம்’ என்னும் விரிவுத்தொடர் இவ்விடத்தில்தான் தோற்கிறது. டெட்ராடிமைட்டும் அத்தொடருக்குள் அடங்கும், சிமிர்னைட்டும் அடங்கும். இவ்விரண்டையும் பிரித்துக் காட்டுவதற்காகத்தானே சொல் தேடுகிறோம்?

கனிமவியலுக்கு வெளியிலும் இந்த வேறுபாடு முக்கியமானது. பிசுமத்துத் தெலூரைடு, மின்னோட்டம் செலுத்திக் குளிரூட்டும் சிறு வில்லைகளில் பயன்படும் குறைக்கடத்தி. அதே இரு தனிமங்களோடு ஆக்சிசன் சேர்ந்த, சிமிர்னைட்டின் வாய்பாடே கொண்ட செயற்கைப் படிகமோ ஒளி ஊடுருவும் மின்காப்பி. புடாபெஸ்டில் உள்ள ஆய்வாளர்கள் அதை உருகிய குழம்பிலிருந்து இழுத்து வளர்த்து, ஹோலோகிராம் முறையில் தகவலைப் பதிய இயலுமா என்று ஆராய்ந்தார்கள். அதன் தனித்தன்மைக்கு வேர் தெலூரியத்தின் நான்கு நேர் நிலைதான். அந்நிலையில் தெலூரிய அணுவிடம் பிணைப்பில் சேராத தனித்த எலக்ட்ரான் இரட்டை ஒன்று மிஞ்சி நிற்கிறது. அது ஒரு பக்கத்தை அடைத்துக்கொள்வதால் மூன்று ஆக்சிசன்களும் மறுபக்கம் ஒதுங்கி, தாழ்வான முக்கோணப் பட்டைக்கூம்பு உருவாகிறது. இத்தகைய கூம்புகளால் கட்டப்பட்ட இப்படிகத்தில் சமச்சீர் மையம் இல்லை. ஆறு நேர் நிலைக்குப் போய்விட்டால் அந்த இரட்டையும் இல்லை. தெலூரியத்தைச் சுற்றி ஆறு ஆக்சிசன்கள் எண்முகியாக நிற்கும். நான்குக்கும் ஆறுக்கும் இடையிலான வேறுபாட்டை நம் சொல் தாங்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். ‘ஆக்சிசனேறிய தெலூரியக் கனிமம்’ என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நகர முடியாது.

இந்த இடத்தில் மான்டனைட்டை நினைவுகூர வேண்டும். 1868இல் கெந்து என்பவர் அமெரிக்காவின் மான்டனா மாநிலத்தில் டெட்ராடிமைட்டின் மேல் மஞ்சள் பூச்சாகக் கண்டு விவரித்த கனிமம் அது. பிசுமத்து, தெலூரியம், ஆக்சிசன் ஆகியவற்றோடு சிறிது நீரும் உடையது. வெறுங்கண்ணுக்குச் சிமிர்னைட்டின் உறவினர் போலவே தோன்றும். ஆனால் அதில் தெலூரியம் ஆறு நேர் நிலையில் இருக்கிறது. நம் கலைச்சொல் தொகுப்பில் இவ்விரண்டும் அடுத்தடுத்து இடம்பெறும்போது, பெயரைப் பார்த்த மாத்திரத்தில் படிப்பவருக்கு வேறுபாடு விளங்க வேண்டும்.

‘புவியம்’ பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1782இல் திரான்சில்வேனியத் தங்கத் தாதுவில் முல்லர் கண்டறிந்த தனிமத்துக்கு 1798இல் கிளாப்ரோத்து நிலத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பெயரிட்டார் என்பது உண்மையே. ஆனால் புவியின் மேலோட்டில் ஏறத்தாழத் தங்கத்தைப் போலவே அருகிக் கிடக்கும் ஒன்றைத் தமிழில் ‘புவியம்’ என்றால், மண்ணெங்கும் நிறைந்தது என்றே படிப்பவர் நினைப்பார். தெலூரியம் என்றே இருக்கட்டும்.

எஞ்சுவது ‘தெலூரைட்டு’. எல்லாருக்கும் எளிதாகத் தோன்றும் இச்சொல்லில்தான் சிக்கல் மிகுதி. தமிழ்நாட்டு வழக்கில் குளோரைடு, சல்பைடு என்று எழுதுகிறோம். ‘சல்பைட்டு’ என்றால் ஆக்சிசன் சேர்ந்த அயனி. இலங்கைப் பாடநூல் வழக்கிலோ சோடியம் குளோரைட்டு, காபனீரொட்சைட்டு என்று ‘ஐட்டு’ ஈறு ஆக்சிசன் சேராத அயனிக்கும் ஒட்சைட்டுக்கும் (ஆக்சைடுக்கும்) உரியது. நைத்திரைற்று, நைத்திரேற்று என்று ‘ற்று’ பெறுவனதாம் ஆக்சிசன் சேர்ந்த அயனிகள். ஆகவே ‘பிசுமத்துத் தெலூரைட்டு’ என்று நாம் எழுதினால், மதுரையில் ஒரு மாணவர் சேய்க் கனிமத்தையும் யாழ்ப்பாணத்தில் ஒரு மாணவர் தாய்க் கனிமத்தையும் புரிந்துகொள்வார்கள். இது போதாதென்று, தெலூரியம் ஈராக்சைடாக இயற்கையில் கிடைக்கும் கனிமத்தின் பெயரும் ‘தெலூரைட்டு’தான். அதில் அயனியும் இல்லை, உப்பும் இல்லை, வெறும் ஆக்சைடு.

என் பரிந்துரை இரு வழக்குகளிலிருந்தும் ஒவ்வொன்றை எடுத்துக்கொள்வது. ஆக்சிசன் சேராத அயனிக்குத் தமிழ்நாட்டு வழக்கின்படி தெலூரைடு. நான்கு நேர் நிலையில் ஆக்சிசனோடு சேர்ந்ததற்கு இலங்கை வழக்கின்படி தெலூரைற்று. ஆறு நேர் நிலைக்குத் தெலூரேற்று. கனிமத்தின் தனிப்பெயருக்கு மட்டும் ‘ஐட்டு’ என்னும் ஈற்றை ஒதுக்கிவிடலாம்: சிமிர்னைட்டு, மான்டனைட்டு, டெட்ராடிமைட்டு. கனிமப் பெயரின் ஈறு வேதியியல் வகையைச் சொல்வதே இல்லை. டெட்ராடிமைட்டு தெலூரைடு வகையில் வருவது, மான்டனைட்டு தெலூரேற்று, சிமிர்னைட்டு தெலூரைற்று. அயனியின் ஈறு வேறு, கனிமத்தின் ஈறு வேறு என்று எழுத்திலேயே பிரித்துவிட்டால் இந்த உண்மை தானே வெளிப்படும்.

இதற்கு இரண்டு தடைகள் எழும் என்று எதிர்பார்க்கிறேன். தமிழ்நாட்டார் ‘ற்று’ என்பதைக் ‘காற்று’ என்பதில் ஒலிப்பதுபோல ஒலிப்பார்கள். மூலப் பெயரின் ஒலி கெடும் என்பது முதலாவது. கெடட்டும். எழுத்தில் தெளிவு இருக்கும்போது ஒலியில் சிறிது விலகுவது கலைச்சொல்லுக்குப் பெரிய குறையன்று. தவிரவும் ஆக்சிசனேற்றம் என்று நாம் நாள்தோறும் எழுதும் சொல்லிலும் ‘ஏற்று’ தானே இருக்கிறது? முழுமையாக ஆக்சிசன் ஏற்றப்பட்ட நிலைக்குத் தெலூரேற்று என்று அமைவது மாணவர் நினைவில் நிற்கவும் உதவும். இரண்டாவது தடை சற்று வலுவானது: இலங்கை வழக்கில் கல்சைற்று என்பதுபோலக் கனிமப் பெயரும் ‘ற்று’ பெறுகிறது. ஆகவே அங்குள்ள வாசகருக்குக் கனிமப் பெயரில் மட்டும் பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். அந்த ஒரு சுமையைக் குறைக்க, முதன்முறை வரும் இடத்தில் ‘கனிமம்’ என்ற சொல்லைச் சேர்த்தே எழுதலாம்.

வகைப்பெயர் கிடைத்துவிட்டால் தனிப்பெயர் எதற்கு என்று கேட்டவருக்கும் ஒரு விடை. பிசுமத்துத் தெலூரைற்று என்பது ஒரே ஒரு கனிமமன்று. சிமிர்னைட்டில் பிசுமத்தும் தெலூரியமும் இரண்டுக்கு ஒன்று. அதே கசாக்கஸ்தான், ஆர்மேனியப் படிவுகளில் கிடைக்கும் செகோவிச்சைட்டில் ஒன்றுக்கு இரண்டு. அது ஒற்றைச்சரிவுத் தொகுதியைச் சேர்ந்தது. பெய்ஜிங்கின் பிங்கு மாவட்டத்தில் கண்டறியப்பட்ட பிங்குவைட்டில் மூன்றுக்கு ஒன்று. மூன்றுமே பிசுமத்துத் தெலூரைற்றுகள்.

இப்பரிந்துரை ஏற்கப்பட்டால் தொகுப்பில் பதிவு இவ்வாறு அமையலாம்: “சிமிர்னைட்டு: பிசுமத்துத் தெலூரைற்றுக் கனிமம். செஞ்சாய்சதுரப் படிகத் தொகுதி. தெலூரைடு தாதுக்களைக் கொண்ட தங்கப் படிவுகளின் ஆக்சிசனேற்ற மண்டலத்தில் அரிதாகக் கிடைப்பது.” தெலூரைடு, தெலூரைற்று இரண்டும் ஒரே பதிவில் வந்தும் ஒன்றோடொன்று மோதாமல் நிற்கின்றனவா என்று பார்த்துச் சொல்லுங்கள். தலைச்சொல்லைக் கிரந்த எழுத்தோடு ‘ஸ்மிர்னைட்டு’ என்று எழுதுவதா, நான் எழுதியிருப்பதுபோலச் சிமிர்னைட்டு என்பதா என்பதையும் இதே சுற்றில் முடிவு செய்துவிட்டால், செலீனியச் சேர்மங்களுக்கும் இம்முறையையே நீட்டிச் செலீனைடு, செலீனைற்று, செலீனேற்று என்ற வரிசையைத் தொடங்கலாம்.