ரசிகர் சர்வரில் 'மனசு விட்டுப் பேச' தனி அறை வேணுமா, வேண்டாமா?

ஊதாமணி (இழையைத் தொடங்கியவர்)
பிடிஎஸ்ங்கிற கொரியப் பாட்டுக் குழுவோட சென்னை ரசிகர்களுக்காக, டிஸ்கார்டுங்கிற அரட்டை ஆப்ல நாங்க நடத்துற சர்வர்ல (குழுவுல), பாட்டுப் பேச்சுக்கு அப்பால் மனக்கஷ்டத்தைச் சொல்ல ஒரு தனி அறை திறக்கச் சொல்லி உறுப்பினர்கள் கேட்கிறாங்க. பெரும்பாலும் கல்லூரிப் பிள்ளைங்க. மனச்சோர்வுக்கு மருந்து எடுக்கிறவங்க இருக்காங்க, வீட்ல வாயே திறக்க முடியாதவங்களும் இருக்காங்க. அட்மின்கள் இரண்டு கட்சியா நிக்கிறோம். நடத்தினா எது எங்கே உடையும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

அடையாறு_ஆலமரம்
திறக்காதீங்க. ரசிகர் குழு இவங்களுக்கு எதனால உதவுதுன்னு முதல்ல பாருங்க. மனச்சோர்வு ஆளைக் கட்டிலோட கட்டிப்போடும். "மனசு சரியாகட்டும், அப்புறம் செய்யலாம்"னு காத்திருந்தா அந்த நாள் வராது. அதனாலதான் சிகிச்சையில சின்ன வேலையை முதல்ல செய்யவெச்சு, மனசைப் பின்னால வரவைப்பாங்க. பிஹேவியரல் ஆக்டிவேஷன்னு பேர். உங்க சர்வர்ல அது ஏற்கெனவே நடக்குது: ஒரு பேட்டிக்குத் தமிழ் சப்டைட்டில், பிறந்தநாள் பேனர், நடனத்துல முதல் எட்டு எண்ணிக்கை மட்டும் பழகுறது. ஒவ்வொண்ணும் இருபது நிமிஷ வேலை, முடிச்சதும் "வந்துடுச்சா, சூப்பர்"னு சொல்ல ஆள். செய்றதுக்கு முன்னாடியும் பின்னாடியும் மனநிலைக்கு 0லிருந்து 10க்குள் ஒரு மார்க் போட்டு வெச்சா, எது தூக்கிவிடுது எது இறக்குதுன்னு ஒரே வாரத்துல அவங்களுக்கே தெரியும்.

புலம்பல் அறை திறந்தா இந்த ஆட்களே இதை விட்டுட்டு அங்கே போய் உட்காருவாங்க. ஒரே புண்ணை ரெண்டு பேர் தினமும் சேர்ந்து கிளறுறதுக்கு கோ-ரூமினேஷன்னு பேர் வெச்சு உளவியல் ஆய்வாளர் அமண்டா ரோஸ் 2002ல ஆய்வுக் கட்டுரை எழுதினார். அதிகமா இப்படிப் பேசுற பிள்ளைகள்கிட்ட நட்பின் நெருக்கமும் கூட இருந்தது, சோர்வும் பதற்றமும் கூட இருந்தது. நெருக்கம் கிடைக்கிறதாலதான் அதை விடவும் முடியாது.

சைதை_மாடரேட்டர்
ஆலமரம் சகோ, அறை இல்லைன்னா பேச்சு நின்னுடாது, டிஎம்முக்கு (ஒருத்தருக்கொருத்தர் தனி மெசேஜ்) போயிடும். அங்கே பதினாறு வயசுப் பொண்ணும் பத்தொன்பது வயசுப் பையனும் ராத்திரி ஒரு மணிக்கு ஒருத்தரை ஒருத்தர் தனியா சுமப்பாங்க, யார் கண்ணுக்கும் தெரியாது. நைசா பேசி வலை வீசுறவனும் அங்கேதான் வருவான். முதல் வேலையா, சர்வர் ஆட்களிடமிருந்து நேரடி மெசேஜ் வராதபடி பிரைவசி செட்டிங்கில் எப்படி அணைக்கிறதுன்னு படத்தோட பின் பண்ணுங்க.

அறைக்குள்ள ஸ்லோ மோடு 15 நிமிஷம். ஒருத்தர் எழுதினா அடுத்த பதிவுக்குக் கால் மணி நேரம் ஆகும், அதனால யோசிச்சு எழுதுவாங்க, சரமாரியாக் கொட்டுறதும் நிக்கும். குறிப்பிட்ட சொற்களைத் தானாப் பிடிக்கிற ஆட்டோமாடில் "சாகணும்" மாதிரிச் சொற்களைப் போடுங்க. நம்ம ஆட்கள் தமிழை ஆங்கில எழுத்துல ஆறேழு விதமா அடிப்பாங்க, அத்தனையும் சேர்க்கணும். ஆனா மெசேஜைத் தடுக்க வேண்டாம், அட்மினுக்கு எச்சரிக்கை மட்டும் போகட்டும். உதவி கேட்டவன் மெசேஜ் போகாம நின்னா, கதவை மூஞ்சில அடிச்ச மாதிரி இருக்கும். இந்த வடிகட்டியை அந்த அறைக்கு மட்டும் வைங்க. பொது அறையில புது போட்டோ வந்தாலே பாதிப் பேர் "செத்தேன்டா"னுதான் எழுதுவாங்க, எச்சரிக்கை அடிச்சு அடிச்சு கடைசியில யாரும் பார்க்க மாட்டாங்க.

ஓபி_சீட்டு
அறை இருக்கட்டும், இல்லாமப் போகட்டும், ஒரு விதி கட்டாயம்: மருந்துப் பெயரும் மில்லிகிராமும் யாரும் எழுதக் கூடாது.

மனச்சோர்வு மாத்திரை தொடங்கினா முதல் ஒண்ணு ரெண்டு வாரம் குமட்டல், தலைவலி, தூக்கக் குழப்பம்தான் முன்னால வரும். பலன் தெரிய பொதுவா 2லிருந்து 4 வாரம், சிலருக்கு 6 கூட ஆகும். சரியா அந்த இடைவெளியிலதான் குழுவுல ஒருத்தர் "இதுக்கு அடிமை ஆயிடுவே, நிறுத்திடு"னு அக்கறையாச் சொல்வார். திடீர்னு நிறுத்தினா தலைசுத்தல், எரிச்சல், தலைக்குள்ள ஷாக் அடிக்கிற மாதிரி உணர்வு வரலாம். "பார்த்தியா, மாத்திரையாலதான்"னு மறுபடியும் அவரே சொல்வார். இன்னொண்ணு, 25 வயசுக்குக் கீழே உள்ளவங்களுக்கு மருந்து தொடங்கின முதல் சில வாரங்களிலும் அளவு மாத்தும்போதும் தற்கொலை எண்ணம் கூடுதான்னு பக்கத்துல ஒருத்தர் கவனிக்கணும். உங்க சர்வர்ல பெரும்பாலானவங்க அந்த வயசுதானே?

பிஎச்க்யூ-9ன்னு ஒன்பது கேள்விப் படிவம் சுத்தும். மொத்தம் 27 மதிப்பெண், 10ம் அதுக்கு மேலேயும் வந்தா டாக்டரைப் பார்க்கணும். ஒன்பதாவது கேள்வி தற்கொலை எண்ணம் பத்தினது. அதுக்கு 'இல்லை'யைத் தவிர எந்தப் பதில் வந்தாலும் மொத்தத்தைப் பார்க்காம உடனே போகணும். மதிப்பெண்ணை அறையில போட விடாதீங்க. "எனக்கு 19, உனக்கு வெறும் 11தானா"ன்னு போட்டியாகும், 11 வாங்கினவர் டாக்டர்கிட்ட போக மாட்டார்.

எங்கே போறதுன்னும் எழுதி வைங்க. இந்த ஊர்ல "கீழ்ப்பாக்கம்"னு சொன்னாலே கேலிதான், அந்த ஒரு சொல்லுக்குப் பயந்தே வருஷக்கணக்கா தள்ளிப்போடுறாங்க. 1794லிருந்து நடக்கிற மனநல ஆஸ்பத்திரி அது. அங்கே போகக் கூச்சமா இருந்தா சென்ட்ரல் எதிரே ஜி.எச். (அரசு பொது மருத்துவமனை), வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஸ்டான்லி அரசு மருத்துவமனை, ரெண்டுலயும் மனநலப் பிரிவு இருக்கு. காலையிலேயே போய் ஓபி சீட்டு போடணும்.

அடையாறு_ஆலமரம்
ஓபி_சீட்டு சொன்னதுல எனக்கு மறுப்பு இல்ல. சைதைக்கு ஒரு கேள்வி: சர்வரே தூக்கத்தைக் கெடுக்குதே, அதுக்கு என்ன செட்டிங்? கொரியா நமக்கு மூணரை மணி நேரம் முன்னால. அங்கே நள்ளிரவு வெளியீடுன்னா இங்கே ராத்திரி 8:30தான், பரவாயில்ல. ஆனா அங்கே வெள்ளி மதியம் 1 மணி வெளியீடு நமக்குக் காலை 9:30. 'முதல் 24 மணி நேரப் பார்வை' கணக்கு மறுநாள் காலை 9:30 வரை ஓடும். நடுவுல ஒரு முழு ராத்திரி. தூங்கப் போனா துரோகம்னு தோணும்படி, இத்தனை பார்வை வரணும்னு இலக்குப் பலகை வைக்கிறது யார்? அட்மின்கள்தான். மனச்சோர்வில் இருக்கிறவனுக்குக் குற்ற உணர்வு ஏற்கெனவே வேணுங்கிற அளவுக்கு இருக்கு.

அதோட, பிடிமானம் அவங்க கையில இல்ல. 2022 ஜூன்ல பிடிஎஸ் குழுவா வேலை செய்றதைக் குறைச்சு தனித்தனியா இறங்கப் போறதா அறிவிச்சாங்க. டிசம்பர்ல குழுவுல மூத்தவர் கட்டாய ராணுவ சேவைக்குப் போனார், 2025 ஜூன் வரை எல்லாரும் திரும்பி முடியல. வாரத்துக்கு ஒரு வீடியோவை நம்பி எழுந்து குளிச்சவனுக்கு அந்தக் காலம் எப்படி இருந்திருக்கும்?

மெரினா_காத்து
அந்த ரெண்டரை வருஷமும் சர்வர் மூடலையே சகோ. நட்சத்திரம் இல்லாதப்பவும் ரசிகர்கள் இருந்தாங்க, இந்த விஷயத்துல முக்கியமே அதுதான். 2025ல சிஎஸ்கே முதல் தடவையா பட்டியல்ல கடைசி இடத்துல முடிச்சப்பவும் வாட்ஸ்அப் குழுக்கள்ல சேர்ந்து திட்டிச் சேர்ந்து ஆத்திக்கிட்டாங்க. தனியா டிவி முன்னாடி உட்கார்ந்திருந்தவனுக்குத்தான் கனம் ஜாஸ்தி. இலக்குப் பலகையை ராத்திரி 10 மணிக்கு எடுத்துட்டா போச்சு.

சைதை_மாடரேட்டர்
இலக்குப் பலகை விஷயத்துல ஆலமரம் சொல்றது சரி, அதை ஒத்துக்கிறேன். மத்ததுக்கு இல்ல. ஒருத்தர் நிஜமாவே தற்கொலை பத்தி எழுதிட்டா என்ன செய்றதுன்னு அறை இருந்தாத்தான் முன்கூட்டியே பழக முடியும். ஸ்கிரீன்ஷாட் எடுத்துட்டு மெசேஜை நீக்குங்க. ஒரே ஒரு அட்மின் மட்டும் பேசணும், இருபது பேர் இதய எமோஜி அனுப்பினா அந்த ஆள் பதில் சொல்ற நிலையில இருக்க மாட்டார். நேராக் கேளுங்க: "தற்கொலை எண்ணம் வருதா?" கேட்டா எண்ணம் முளைக்கும்னு பயப்பட வேண்டாம், முளைக்காது. அடுத்து "இப்ப வீட்ல யார் இருக்காங்க? அவங்களை எழுப்ப முடியுமா?" எழுத்திலிருந்து குரலுக்கு மாத்துங்க: அரசு மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இலவசம், 24 மணி நேரமும் தமிழ்ல பேசுவாங்க. தற்கொலைத் தடுப்பு அமைப்பு சினேகா 044-24640050. உடனடி ஆபத்துன்னா அவசர எண் 112. போலீஸ் கேஸ் ஆகும்னு பயப்படுவாங்க. 2017 மனநலச் சட்டம் 115வது பிரிவுப்படி, முயற்சி செய்தவர் கடும் மன அழுத்தத்துல இருந்தார்னுதான் எடுத்துக்கணும், தண்டிக்கக் கூடாது. இதையும் சொல்லுங்க.

இடிக்கிற இடம் ஒண்ணு இருக்கு: புனைபெயர்தான் தெரியும், வீடு தெரியாது. அறைக்குள்ள வர விரும்புறவர் நம்பிக்கையான ஒருத்தர் பேரையும் எண்ணையும் ஒரு அட்மின்கிட்ட மட்டும் கொடுத்துட்டு வரணும். கட்டாயப்படுத்த வேண்டாம், ஆனா கேளுங்க.

அடையாறு_ஆலமரம்
அந்த அட்மினுக்கு வயசு என்ன? இருபது? அவருக்கே மனச்சோர்வு இருந்தா? இந்தச் சுமையைத் தூக்க ஆள் இருக்கான்னு எண்ணிட்டு அப்புறம் கதவைத் திறங்க.

ஊதாமணி
எண்ணிட்டேன். அட்மின்கள் ஆறு பேர், அதுல ரெண்டு பேர் தங்களால முடியாதுன்னு சொல்லிட்டாங்க. மீதி நாலு பேர் ரெண்டு ரெண்டு பேரா வாரம் மாறுவாங்க. ஒரு மாசம் சோதனை: மாலை 6லிருந்து 9:30 வரை மட்டும் திறப்போம், ஸ்லோ மோடு 15 நிமிஷம், 18 வயசுக்குக் கீழே அனுமதி இல்ல, அவங்களுக்கு உதவி எண்கள் மட்டும் பொது அறையில பின் ஆகும். இலக்குப் பலகை ராத்திரி 10 மணிக்கு எடுக்கப்படும்.

அடையாறு_ஆலமரம்
நான் இன்னும் வேண்டாம்னுதான் சொல்றேன். திறந்தே தீரணும்னா, 9:30க்கு ஒருத்தர் பாதி எழுதிட்டு இருக்கும்போது பூட்டு விழக் கூடாது. 9 மணிக்கே 'கடைசிப் பதிவு'ன்னு அறிவிப்புப் போடுங்க. அப்பவும் யாராவது நடுவுல இருந்தா, அவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, நாளைக்கு 6 மணிக்குத் திறக்கும்னு சொல்லி, 14416ஐக் கொடுத்து, அவர் பார்த்துட்டார்னு தெரிஞ்சப்புறம் பூட்டுங்க.